அலுமினியப் பாடிக்கு மணல் அடிக்காதீர்கள்

போன வாரம் என் பட்டறைக்கு இன்னொன்று வந்தது. 1950களின் பந்தயக் கார், கையால் தட்டிச் செய்த அலுமினியப் பாடி. வேறொரு கடையில் மணல் அடித்து, அதாவது காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிப் பழைய பெயிண்டை எடுத்து, பளிச்சென்று ஆக்கிக் கொண்டுவந்திருந்தார் சொந்தக்காரர். பானெட் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். ‘டப்’பென்று உள்ளே போய், கையை எடுத்ததும் ‘டப்’பென்று வெளியே வந்தது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோர்களில் கிடந்து பிழைத்த கார்கள் கூட இப்படித்தான் பாழாகின்றன.

‘மணல் அடித்தால் பெயிண்ட் மட்டும்தானே போகும்?’ இல்லை அண்ணே! லாரி சேஸிஸ் தாங்கும். ஒன்று, ஒன்றரை மில்லி கனத் தகடு தாங்காது. ஒவ்வொரு மணலும் ஒரு சுத்தியல் அடி. அடி வாங்கிய பக்கம் விரியப் பார்க்கும், மறுபக்கம் விடாது, தகடு உப்பிவிடும். ‘சூட்டில்தான் வளைகிறது, மெதுவாக அடித்தால் ஒன்றும் ஆகாது’ என்று கடையில் சொல்வார்கள். நம்பாதீர்கள். சூடே ஏறாமல் அடித்தாலும் விரியும். விரிந்ததைச் சூடு காட்டிச் சுருக்குவதோ பெரும்பாடு. அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. 660 டிகிரி வாக்கில் சட்டென்று உருகி ஓட்டை விழும். அதனால்தான் சோப்பைத் தேய்த்துவிட்டுச் சுடர் காட்டுவோம். சோப்பு கருத்ததும் நெருப்பை எடுத்துவிட வேண்டும்.

1956இல் வந்த லோட்டஸ் லெவனைப் பாருங்கள். லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கிய காலின் சாப்மனின் பந்தயக் கார். பாடிக்கு வடிவம் கொடுத்தவர் விமானத் துறையில் இருந்த ஃபிராங்க் காஸ்டின். மெல்லிய குழாய்ச் சட்டத்தின் மேல் அலுமினியத் தோல், மொத்த எடை அரை டன்னுக்கும் கீழே. இப்படிக் கையால் செய்த காரில் இடதும் வலதும் அச்சாக ஒன்றாக இருக்காது. உள்பக்கச் சுத்தியல் தடம், பென்சில் கோடு எல்லாம் அந்தக் காரின் பிறப்புப் பத்திரம். மணல் அதையும் அழித்துவிடும்.

பெயிண்ட் உரிக்க முக்கி எடுக்கும் காஸ்டிக் சோடாத் தொட்டி? பேசவே வேண்டாம், அலுமினியத்தையே தின்றுவிடும்.

அலுமினியத்துக்கு ஏற்ற பெயிண்ட் ரிமூவர், பிளாஸ்டிக் சுரண்டி, கையுறை, பொறுமை. இது போதும். கழுவிக் காய்ந்த அன்றே எட்ச் பிரைமர் (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் முதல் பூச்சு) அடியுங்கள். தகடு இரும்புக் குழாயைத் தொடும் இடங்களில் வெள்ளைத் தூள் தெரிகிறதா? அங்கே ஈரம் புகுந்து அரிக்கிறது, நம் ஊர் மழைக்கு வேகமாகவே அரிக்கும். திரும்பப் பூட்டும்போது இடையில் பிரைமரோ டேப்போ வையுங்கள். வெறும் இரும்பு ரிவெட் வேண்டவே வேண்டாம்.

தயவுசெய்து, எந்தக் கடையிலும் காரை விடுமுன் பாடிமேல் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால், ‘மணல் அடிக்கக் கூடாது’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.