ஃபார்மட் போடச் சொல்வதற்கு முன்னால்

“வைரஸ் ஏறிட்டு தம்பி, ஃபார்மட் போட்டுக் கொடுத்திரு.” லேப்டாப்பைப் பையிலிருந்து வெளியே எடுப்பதற்கு முன்பே இப்படிச் சொல்லிவிடுகிறார்கள். என்ன கோளாறு என்பதையும் அவர்களே முடிவு செய்து, என்ன வேலை பார்க்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லிவிட்டால் நான் எதற்குக் கடை திறந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று சில நாள் தோன்றும்.

போன வாரம் பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். திரையின் வலது மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று சிவப்புப் பெட்டி வந்துகொண்டே இருக்கிறது. குரோமில் எதைத் தேடினாலும் கேள்விப்படாத ஒரு தளத்துக்குப் போய், விளம்பரமாகக் கொட்டுகிறது. இதற்காக வேறு இரண்டு கடைகளில் ஃபார்மட் போட்டிருக்கிறார். இரண்டு முறையும் சில நாள் சுத்தமாக இருந்திருக்கிறது, அப்புறம் பழையபடி. இரண்டாவது ஃபார்மட்டில் டெஸ்க்டாப்பில் வைத்திருந்த பேத்தியின் படங்கள் அத்தனையும் போய்விட்டன. மீட்க முடியுமா என்று கேட்டார். ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்க்கை அழித்து, அதன்மேல் புதிதாக விண்டோஸ் ஏற்றி, சில வாரம் ஓட்டியும் ஆகிவிட்டது. முடியாது சார் என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

அவர் கணினியில் வைரஸ் என்று எதுவும் இல்லை. இருந்தது ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள்; கூடவே ஒரு நோட்டிஃபிகேஷன் அனுமதி. இரண்டையும் எடுக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.

இந்த ஃபார்மட் பைத்தியத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஆட்வேர் என்பது விளம்பரம் காட்டுவதற்காகவே கணினியில் ஏறி உட்காரும் மென்பொருள். அவற்றில் பெரும்பாலானவை இப்போது விண்டோஸுக்குள் ஒளிந்து கிடப்பதில்லை, பிரவுசருக்குள் இருக்கின்றன. நீங்கள் குரோமில் ஜிமெயில் கணக்கோடு உள்நுழைந்து சிங்க் போட்டிருப்பீர்கள். புக்மார்க், பாஸ்வேர்டு, எக்ஸ்டென்ஷன், தேடுபொறி செட்டிங் எல்லாம் கூகுள் கணக்கில் பத்திரமாக இருக்கும். ஃபார்மட் போட்டு, புது விண்டோஸ் ஏற்றி, புதிதாக குரோமை இறக்கி, அதே ஜிமெயிலில் உள்ளே போனதும் என்ன ஆகும்? புக்மார்க் திரும்பி வருகிற மாதிரியே அந்த எக்ஸ்டென்ஷனும் திரும்பி வரும். ஹார்டு டிஸ்க்கையே புதிதாக மாற்றினாலும் வரும். புது லேப்டாப் வாங்கினாலும் வரும். ஆசிரியருக்கு நடந்தது இதுதான். எப்போதோ பிடிஎஃப் கன்வெர்ட்டர் என்று சேர்த்த ஒரு எக்ஸ்டென்ஷன், இரண்டு ஃபார்மட்டையும் தாண்டி அவரோடேயே வந்திருக்கிறது.

நோட்டிஃபிகேஷன் விஷயம் வேறு. சீரியல் பார்க்க அவர் வீட்டில் ஒரு தளத்துக்குப் போகிறார்கள். அங்கே ‘நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலவ் பட்டனை அழுத்துங்கள்’ என்று வரும். அந்த அலவ், ரோபோவுக்கும் மனிதனுக்கும் சம்பந்தமே இல்லாத அலவ். உங்கள் திரையில் எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பு காட்ட அந்தத் தளத்துக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதி. ஃபார்மட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோன அன்று ராத்திரியே அதே தளம், அதே சீரியல், அதே அலவ். விண்டோஸை எத்தனை முறை மாற்றினாலும் கையை மாற்ற முடியாதே.

இதற்கு அடுத்து வருகிற கேள்வி: “ஆன்டிவைரஸ் காசு கொடுத்துப் போட்டிருக்கேன், அது ஏன் பிடிக்கலை?” பிடிக்காததற்கு ஒரு காரணம் உண்டு. பூட்டை உடைத்து உள்ளே வந்தவனைப் பிடிக்கலாம். நீங்களே கதவைத் திறந்து உட்காரவைத்த ஆளை வாசலில் இருக்கும் காவலாளி என்ன சொல்லி வெளியேற்றுவான்? நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரி என்று நீங்கள் அழுத்தியதை வைத்துத்தான் ஆட்வேர் நிறுவனங்கள் வாதாடும். ஸாங்கோ என்ற அமெரிக்க ஆட்வேர் நிறுவனம், எங்கள் மென்பொருளை எப்படித் தடுக்கலாம் என்று ஆன்டிவைரஸ் நிறுவனமான காஸ்பர்ஸ்கை மேல் வழக்கே போட்டது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கை பக்கம் தீர்ப்பளித்தது. ஆனாலும் இன்றுவரை ஆன்டிவைரஸ்கள் இவற்றை வைரஸ் என்று சொல்லாமல், ‘வேண்டாததாக இருக்கக்கூடிய புரோகிராம்’ என்று தனிப்பெட்டியில் மரியாதையாக வைத்திருக்கின்றன. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரிலேயே இதைத் தடுக்கும் வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்டுக்கு முன்னால் அது தானாக ஆனில் இருக்காது. பழைய கணினி என்றால் போய்ப் பாருங்கள்: விண்டோஸ் செக்யூரிட்டி, ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்ஷன். அதில் பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங் என்பதை ஆன் செய்து, கீழே இருக்கும் இரண்டு டிக்கையும் போடுங்கள். ஆன்டிவைரஸ் வாங்கிப் போடும்போது அது டிஃபெண்டரை ஓரங்கட்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். காசு கொடுத்ததில் இந்த வசதி இருக்கிறதா, ஆனில் இருக்கிறதா என்று அதற்குள்தான் தேட வேண்டும்.

சரி, வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூலையில் எட்டிப்பார்க்கும் பெட்டியைப் பதறாமல் படியுங்கள். அதில் கூகுள் குரோம் என்ற பெயரும், பக்கத்திலேயே ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் சின்ன எழுத்தில் இருக்கும். இருந்தால் அது வைரஸ் எச்சரிக்கை அல்ல, நீங்கள் அனுமதி கொடுத்த தளம் அனுப்பிய விளம்பரம். மெக்காஃபி ஆன்டிவைரஸ் படம் போட்டிருக்கும், விண்டோஸ் சின்னம் போட்டிருக்கும். படத்தைப் பார்க்காதீர்கள், முகவரியைப் பாருங்கள்.

தேடுபொறி தானாக மாறியிருப்பது, பிரவுசரைத் திறந்ததும் தெரியாத பக்கம் வருவது, விளம்பரமே இல்லாத தளத்திலும் வார்த்தைகளுக்கு அடியில் கோடுபோட்டு விளம்பரம் வருவது எல்லாம் எக்ஸ்டென்ஷன் வேலையாகவே இருக்கும். வீட்டுக் கணினியில், குரோமின் மூன்று புள்ளி மெனுவில் கடைசியாக ‘மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்’ என்று தெரிந்தால் யோசியுங்கள். வீட்டுக்கு ஏது ஆர்கனைசேஷன்? சில ஆன்டிவைரஸ்களும் அப்படிக் காட்டவைக்கும், அது வேறு. ஆனால் நீக்க முடியாத எக்ஸ்டென்ஷனும் சேர்ந்து இருந்தால், அலுவலகக் கணினிகளை நிர்வகிப்பதற்காக இருக்கும் பாலிசி வசதியைப் பயன்படுத்தி எதுவோ உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்க, விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரிக்குள் போக வேண்டும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள், யூடியூப் பார்த்து ரிஜிஸ்ட்ரியில் கைவைக்காதீர்கள்.

எடுப்பதற்கு நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, தேதிவாரியாக அடுக்குகிறேன். தொல்லை தொடங்கிய நாளையொட்டி என்னென்ன ஏறியிருக்கிறது என்று பார்த்தாலே குற்றவாளி பாதி மாட்டிக்கொள்ளும். ட்ரைவர் அப்டேட்டர், பிசி ஆப்டிமைசர், கூப்பன் என்ற பெயரில் இருப்பவற்றை யோசிக்காமல் தூக்கலாம். அன்இன்ஸ்டால் செய்யும்போதும் படித்து அழுத்துங்கள். ‘வைத்துக்கொள்’ என்பதைப் பெரிய பச்சைப் பட்டனாகவும் ‘நீக்கு’ என்பதைச் சாம்பல் எழுத்தாகவும் காட்டுகிற அயோக்கியத்தனம் அங்கேயும் உண்டு.

அப்புறம் பிரவுசர். எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் உங்களுக்குத் தெரியாதது எதுவாக இருந்தாலும் ரிமூவ். வெறுமனே ஆஃப் செய்துவிட்டு விடாதீர்கள். முக்கியமாக, கூகுள் கணக்கில் உள்நுழைந்த நிலையிலேயே, சிங்க் ஆனில் இருக்கும்போதே நீக்குங்கள். அப்போதுதான் கணக்கிலிருந்தும் போகும். அதே கணக்கு வீட்டில் இன்னொரு கணினியில் இருந்தால் அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அடுத்து செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே அனுமதி கொடுத்த தளங்களின் பட்டியல் இருக்கும். எனக்குத் தெரிந்து வீட்டுக் கணினியில் அந்தப் பட்டியல் காலியாக இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று அங்கேயே ஒரு தேர்வும் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால், ஆட்வேரைத் தேடி நீக்கும் கருவியான மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர். இலவசம், இன்ஸ்டால் செய்யவும் தேவையில்லை. ஆனால் அந்தப் பெயரைத் தேடி, மேலே ஸ்பான்சர்டு என்று வருகிற முதல் இணைப்பைச் சொடுக்கி ஆட்வேரை எடுக்கப்போய் ஆட்வேரையே இறக்கி வருகிற ஆட்களும் உண்டு. நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கு நேராகப் போங்கள். பழைய குறிப்புகளில் குரோமுக்குள்ளேயே சுத்தம் செய்யும் கருவி இருப்பதாக எழுதியிருக்கும். 2023-இல் கூகுள் அதை எடுத்துவிட்டது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். குரோம் ஐகானில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியின் முடிவையும் பாருங்கள். ஏதாவது தள முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அழித்துவிடுங்கள்.

இதெல்லாம் முட்டாள்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். 2014-இல் லெனோவோ தன் புது லேப்டாப்கள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை ஏற்றியே விற்றது. விளம்பரம் காட்டுவதற்காக அது பாதுகாப்பான இணைப்புகளுக்கு நடுவிலேயே புகுந்து உட்கார்ந்தது. எல்லா லேப்டாப்பிலும் ஒரே சாவி என்பதால், அந்தச் சாவியைக் கண்டுபிடித்த யாரும் உங்கள் வங்கித் தளம்போல வேடம் போட முடியும் என்ற நிலை. 2015 பிப்ரவரியில் குட்டு வெளிப்பட்டது. சோர்ஸ்ஃபோர்ஜ் போன்ற பெயர்பெற்ற தளமே ஒரு காலத்தில் இலவச மென்பொருள்களின் இன்ஸ்டாலருக்குள் மற்றவர் சரக்கைச் சேர்த்துக் கொடுத்து, பிறகு 2016-இல் உரிமையாளர் மாறிய பின்தான் நிறுத்தியது. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் பல ஆண்டுகள் நல்ல பெயரோடு இருந்தது, நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அதை எழுதியவர் 2020-இல் இன்னொருவரிடம் கைமாற்றினார். 2021 பிப்ரவரியில் மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள் என்று சொல்லி கூகுள் அதை நீக்கியது. எக்ஸ்டென்ஷன் குறைவாக இருக்கட்டும் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் இதுதான். நேற்று நல்லதாக இருந்தது இன்று யார் கையில் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டு விற்கமாட்டார்கள்.

வீடியோ பார்க்க உதவும் விஎல்சி பற்றியும் ஒரு வார்த்தை. அதன் சொந்தத் தளமான வீடியோலேன் 2022-இல் பல மாதங்கள் இந்தியாவில் திறக்கவில்லை. தடை நவம்பரில் நீங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் வேறு ஏதேதோ தளங்களிலிருந்து இறக்கப் பழகியவர்கள் இன்னும் அங்கேயே போய்க்கொண்டிருக்கிறார்கள். இப்போது நேராகப் போகலாம், போங்கள்.

இனி கொஞ்சம் திட்டு. கிராக் மென்பொருள், விண்டோஸைக் காசு கொடுக்காமல் ஓட்டவைக்கும் கேஎம்எஸ் ஆக்டிவேட்டர், ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இதை ஓட்டவும்’ என்று குறிப்போடு வருகிற ஜிப் ஃபைல். ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்கிறவன் எதற்காகச் சொல்கிறான் என்று ஒரு விநாடி யோசிக்கமாட்டீர்களா? எங்கள் தொழிலிலேயே சிலர் ஃபார்மட்டோடு இதையும் இலவச இணைப்பாக ஏற்றி அனுப்புகிறார்கள் என்பது வெட்கக்கேடு. சர்வீஸுக்குக் கொடுத்தால், திரும்ப வாங்கும்போது என்னென்ன ஏற்றினீர்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, கோபித்துக்கொண்டால் கடையை மாற்றுங்கள்.

எதை இன்ஸ்டால் செய்தாலும் கஸ்டம் அல்லது அட்வான்ஸ்டு என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு டிக்கையும் பார்த்து எடுங்கள். அவசரத்தில் எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். பிரவுசரில் நல்ல விளம்பரத் தடுப்பான் ஒன்று போதும். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் யூபிளாக் ஆரிஜின், குரோம் என்றால் அதன் லைட் பதிப்பு. இது எங்களைப் போன்றவர்கள் மட்டும் சொல்கிற யோசனை இல்லை, தேடல் விளம்பரங்கள் வழியாக நடக்கும் மோசடிக்கு எதிராக அமெரிக்காவின் எஃப்பிஐ-யே 2022 டிசம்பரில் இதைச் சொன்னது.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். திரை முழுவதும் நிறைந்து, சைரன் சத்தத்தோடு, ‘கணினி பூட்டப்பட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று வந்தால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. எஸ்கேப் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள், பிறகு ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்த்து அழுத்துங்கள். ஒன்றும் நடக்கவில்லையா, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள், குடி முழுகிப் போகாது. பேரனோ பேத்தியோ திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். பிள்ளைகளே, நீங்களும் திட்டாதீர்கள்.

ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்ன எனிடெஸ்க் போல, தூரத்திலிருந்தே கணினியை இயக்கவிடும் எதையாவது போட்டுக் கணினியை அவர்கள் கையில் கொடுத்திருந்தால், அது ஆட்வேரைத் தாண்டிப்போன விஷயம். முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். இன்னொரு போனிலிருந்து வங்கியை அழைத்து நெட் பேங்கிங்கையும் கார்டையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியில் மாற்ற வேண்டாம், வேறொன்றில் மாற்றுங்கள். அதற்கப்புறம் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். இந்த ஒரு கேஸில் மட்டும் நானே ஃபார்மட் போடச் சொல்வேன்.