இறக்கத்தில் குளிரும் ஜீப்

"சேர், மலையில் ஏறும்போது ஹீற்றர் நல்லாச் சுடுகிறது. இறங்கத் தொடங்கினால் பத்து நிமிசத்தில் பச்சைத் தண்ணியாய்ப் போய்விடுகிறது. கொழும்புக்கு வந்து பார்த்தால் மறுபடி சுடுகிறது. எந்தக் கராஜுக்குக் கொண்டுபோனாலும் 'இஞ்ச சுடுதுதானே' என்கிறார்கள். என்ன செய்ய?"

கேட்டவர் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கும் வாசகர். 1970களில் செய்த டீசல் லேண்ட் ரோவர் ஒன்றை எங்கோ ஒரு தோட்டத்திலிருந்து வாங்கி, சம்பளத்தில் பாதியை அதற்கே ஊட்டி வளர்க்கிறார். ஜனவரியில் பிள்ளைகளோடு ஹோட்டன் சமவெளிக்குப் போனாராம். மூடுபனி வந்து அங்குள்ள 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பள்ளத்தை மறைப்பதற்குமுன் போய்ச் சேர விடியப்புறமே புறப்பட்டிருக்கிறார்கள். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பி இறங்கும்போது பிள்ளைகள் போர்வைக்குள்.

கொழும்பில் இருப்பவனுக்கு ஹீற்றர் எதற்கு என்று சிரிக்க வேண்டாம். ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ ஆறரைப் பாகை குளிர்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர், ஹோட்டன் சமவெளி 2,100க்கும் மேல். ஜனவரி, பெப்ரவரி விடியலில் அங்கே புல்லில் உறைபனி படிவதும் உண்டு. நாலைந்து மணித்தியால ஓட்டத்தில் வேர்வையிலிருந்து உறைபனிக்குப் போய்விடலாம் என்பது இந்தச் சின்னத் தீவின் சிறப்பு.

அவருடைய கேள்வியில் எனக்குப் பிடித்தது, விடையும் அதற்குள்ளேயே இருந்ததுதான். ஏற்றத்தில் சூடு, இறக்கத்தில் குளிர், கொழும்பு நெரிசலில் மறுபடி சூடு. பௌதிகவியல் படிப்பித்தவனுக்கு இது நல்ல பரீட்சை வினா.

அடிப்படையை ஓடிப்போய்ச் சொல்லிவிடுகிறேன். எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சில்லைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மற்றப் பங்கு எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் ஏறுகிறது. ரேடியேற்றர் அந்தச் சூட்டை வெளிக் காற்றில் கொட்டுகிறது. ஹீற்றர் என்பது டாஷ்போட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு குட்டி ரேடியேற்றர், அவ்வளவுதான். வீணாய்ப் போகிற சூட்டில் கொஞ்சத்தைக் காற்றாடி நம் காலடிக்கு ஊதிவிடுகிறது. நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் தண்ணீர் அதற்குள் ஓடி, பத்துப் பாகை ஆறி வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண தரத்தில் படித்த தன்வெப்பக் கொள்ளளவைப் போட்டுப் பெருக்கினால் மூன்றரைக் கிலோவாற்று வரும். இரண்டு மின்கேத்தல்கள் ஒன்றாய்க் கொதிப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். பழைய வண்டியென்றாலும் குறைச்சலான சூடு இல்லை.

ஆனால் தண்ணீர் சூடாக இருந்தால்தானே! ஹீற்றர் தரும் வெப்பம், தண்ணீருக்கும் உள்ளே நுழையும் காற்றுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. காற்று 8 பாகை, தண்ணீர் 82 பாகை என்றால் வித்தியாசம் 74. தண்ணீர் 45க்கு இறங்கினால் வித்தியாசம் 37. சூடு சரிபாதி.

இறக்கத்தில் தண்ணீர் ஏன் ஆறுகிறது? காலை எடுத்ததும் டீசல் பம்ப் எரிபொருளை நிறுத்திவிடுகிறது. கியரில் இறங்கும் எஞ்சின் எதையும் எரிக்காமல் குளிர்காற்றை உறிஞ்சி ஊதிக்கொண்டிருக்கிறது, அடுப்பு அணைந்த வீடு மாதிரி. அதுவரை சேர்த்து வைத்த சூட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ரேடியேற்றருக்குப் போகும் வழியை யாராவது அடைக்க வேண்டும். அதற்காகவே எஞ்சினில் ஒரு வாயிற்காவலன் இருக்கிறான். இந்த வண்டியில் அவனைக் காணவில்லை. மேல்மூடியைத் திறந்து பார்த்தோம், தெர்மோஸ்டாற் இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டை.

யாரோ ஒரு பாஸ், அதாவது கராஜ் மெக்கானிக், எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார். நம் நாட்டு வண்டிகளில் இது வழக்கமான சங்கதி. "சூடான நாட்டுக்கு இது தேவையில்லை, இருந்தால் எஞ்சின் கொதிக்கும்" என்று காரணம் சொல்வார்கள். நெரிசலில் 30 பாகைக் காற்றில் ஊரும்போது தண்ணீர் எப்படியும் சூடாகிவிடுவதால், கழற்றியதன் நட்டம் கொழும்பில் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் எல்லாக் கராஜிலும் "சுடுதுதானே" என்றார்கள்.

இனி அந்தக் காவலனைப் பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வராது. கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் புதிதாக ஒன்று வாங்கினோம். உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளைத் தட்டு, நடுவில் ஒரு சிமிழ், சுற்றி ஒரு சுருள்வில். விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. மின்சாரம் இல்லை, கம்பி இல்லை, கணினி இல்லை. சிமிழுக்குள் இருப்பது மெழுகு!

மெழுகு என்பது நீளமான காபன் சங்கிலிகளின் கூட்டம். திண்மமாக இருக்கும்போது அவை விளக்குமாற்று ஈர்க்குகள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக அடுக்குண்டு கிடக்கும். உருகியதும் கட்டு அவிழ்ந்து ஒவ்வொரு சங்கிலியும் வளையும், நெளியும், துள்ளும். நிமிர்ந்து நின்ற ஈர்க்கு இடியப்பச் சிக்கலாகிவிட்டால் அதே இடத்துக்குள் எப்படி அடங்கும்? கனவளவு பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை கூடுகிறது. தண்ணீர் உறையும்போது விரிகிறது. மெழுகு உருகும்போது விரிகிறது. வீட்டில் மெழுகுதிரியை உருக்கி ஒரு கோப்பையில் ஆறவிட்டுப் பாருங்கள், நடுவில் குழி விழும். அந்தக் குழிதான் இந்தக் கருவியின் முழு மூலதனம்.

சங்கிலி நீண்டால் உருகுநிலையும் ஏறும். சாதாரண மெழுகுதிரியின் சங்கிலிகளில் முப்பதுக்குக் கிட்டக் காபன் அணுக்கள், அது 60 பாகையை ஒட்டி உருகும். 82 பாகையில் உருக ஏறத்தாழ நாற்பது அணு நீளம் வேண்டும். ஆக, தட்டின் விளிம்பில் பொறித்த எண் உண்மையில் ஒரு மூலக்கூறின் நீளம். ஒரே நீளச் சங்கிலிகளை மட்டும் போட்டால் கதவு படாரென்று திறக்கும், படாரென்று மூடும். நீளங்களைக் கொஞ்சம் கலந்துவிடுகிறார்கள். 82இல் மெல்லத் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பன்னிரண்டு பாகை ஏறும்போது முழுவதும் திறக்கிறது. மெழுகு வெப்பத்தை மந்தமாகக் கடத்தும் பொருள் என்பதால் செப்புத் தூளையும் சேர்க்கிறார்கள்.

விரிந்த மெழுகு என்ன செய்கிறது? அதன் நடுவே றப்பர் உறையொன்று, உறைக்குள் நுனி கூம்பிய ஓர் உருக்கு ஊசி. நாலா பக்கமும் நெருக்கும்போது ஊசி வெளியே பிதுங்குகிறது. ஈரப் பலாக்கொட்டையை விரல்களுக்கு நடுவில் நசுக்கினால் அது பாய்கிறதே, அதே வித்தை. ஆனால் ஊசியின் மறுமுனை சட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, அதற்குப் போக இடமில்லை. ஆகவே சிமிழ்தான் பின்வாங்குகிறது. சுருள்வில்லை அமுக்கிக்கொண்டு தன்னோடு கதவையும் இழுத்துப் போகிறது. ஆறினால் மெழுகு சுருங்கும், வில் தள்ளும், கதவு அடையும்.

1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்திய தெர்மோஸ்டாற்றுகளில் மெல்லிய மடிப்புத் துருத்தி இருந்தது, அதற்குள் எளிதில் ஆவியாகும் திரவம். ஆவியின் அமுக்கத்தை நம்பிய கருவி என்பதால் சுற்றியிருக்கும் தண்ணீரின் அமுக்கம் மாறினால் அதன் கணக்கும் பிசகும். பிறகு எஞ்சின் தண்ணீரை அமுக்கத்தில் அடைத்து வைக்கும் மூடிகள் பரவலாயின. மெழுகு அந்த அமுக்கத்தைச் சட்டை செய்வதில்லை, அதனால் துருத்தி ஒதுங்கிப் போனது. மரக்கறி வளர்க்கும் கண்ணாடி வீடுகளில் வெயில் ஏறினால் தானாகத் திறக்கும் கூரைச் சாளரங்களிலும் இதே மெழுகுதான்.

பூட்டுமுன் சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாற்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்படியில் நின்றோம். எண்பதைத் தாண்டியதும் பித்தளை விளிம்பில் மயிரிழை அளவு இடைவெளி. தொண்ணூறில் விரலே போகலாம். வாகனக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி இன்னொரு தரம் ஆறவைத்துக் கொதிக்கவைத்தார். வகுப்பில் மெழுகின் குளிரல் வளையியைக் கீறச் சொன்னால் கொட்டாவி விடும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் எத்தனை வருசம் வீணாக்கினேன் என்று எனக்குத்தான் வெட்கம். ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம் செலவிடும் நாடு இது. பணம் போதாதென்று கத்துபவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் "சூடான நாட்டுக்குத் தேவையில்லை" என்ற கதையைச் சோதிக்க ஒரு சட்டியும் வெப்பமானியும் போதுமாயிருந்ததே! கேட்க ஆளில்லாமல் போனதற்கு வரவுசெலவுத் திட்டத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்தக் கதை முழுப் பொய்யும் இல்லை. மூடியபடி இறுகிய தெர்மோஸ்டாற் எஞ்சினைக் கொதிக்க வைக்கும். ஒருதரம் சூடு கண்ட பாஸ் பிறகு எல்லாவற்றையும் கழற்றுவார். ஆனால் சில எஞ்சின்களில் இதே கருவியின் அடித்தட்டுத்தான் ரேடியேற்றரைச் சுற்றிப் போகும் குறுக்குவழியையும் அடைக்கிறது. கழற்றினால் சுடுநீரில் ஒரு பகுதி ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பி, ஏற்றத்தில் கொதிப்பு இன்னும் சீக்கிரம் வரும். குளிர்ந்தே ஓடும் டீசல் எஞ்சின் எரிபொருளைச் சரியாக எரிக்காது, உட்சுவரும் வேகமாகத் தேயும்.

தெர்மோஸ்டாற்றைப் பூட்டியதோடு வேலை முடியவில்லை. ஹீற்றருக்குப் போகும் இரண்டு றப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்ப்பதுதான் அடுத்த சோதனை. எஞ்சின் வெகுநேரம் ஓடியபின்னும் இரண்டும் வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாற் சரியில்லை. இரண்டும் கைவைக்க முடியாத சூடு என்றால் தண்ணீர்ப் பக்கம் சரி, காற்றாடியையோ காற்று வழியையோ பாருங்கள். ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் நடுவில் அடைப்பு. எங்களுக்கு மூன்றாவது.

இந்த எஞ்சின் வார்ப்பிரும்பு. துருவைத் தடுக்கும் கூலன்ட் திரவத்தை ஊற்றாமல் வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? அந்தச் சேறு போய் ஹீற்றரின் ஒடுங்கிய குழாய்களில் தங்கும். நுழைகிற கொஞ்சத் தண்ணீர் முதல் சாணிலேயே ஆறிவிடும், மிச்சப் பெட்டி சும்மா கிடக்கும்.

வாகனக்காரர் புதிதாய் வாங்கிய வண்டிக்கு நான்கு சில்லுக்கடியிலும் தேசிக்காய் வைத்து நசுக்கியவர். இப்போதும் கண்ணாடிக்கு முன்னால் ஒன்று தொங்குகிறது. நான் கிண்டல் செய்வதை நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் தேசிக்காய்க்கு வாகனத்தில் உண்மையாகவே ஒரு வேலை உண்டு. அதன் புளிப்பான சித்திரிக் அமிலம் துருவைப் பிடித்துக் கரைக்கும். தூளாகவே வாங்கி, லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி கணக்கில் சுடுநீரில் கரைத்து, கழற்றிய ஹீற்றர் பெட்டிக்குள் அரை மணித்தியாலம் நிறுத்தினோம். பிறகு தோட்டக் குழாயால் வழக்கமான திசைக்கு எதிராகக் கழுவினோம். குழாயை முழுவேகத்தில் திறக்கக்கூடாது, பழைய ஈயப் பற்றுகள் விட்டுவிடும். முதலில் வந்தது கோப்பி நிறம், பிறகு தேத்தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர். (எங்கள் பெட்டி செம்பும் பித்தளையும். அலுமினியப் பெட்டியென்றால் அமிலத்தை இவ்வளவு நேரம் விடாதீர்கள்.)

கூலன்ட் ஊற்றும்போது உள்ளே காற்று சிக்கினாலும் ஹீற்றர் சுடாது, உயரமான இடத்தில்தான் காற்று போய் நிற்கும். வண்டியின் முகம் மேலே பார்க்க ஏற்றத்தில் நிறுத்தி ஊற்ற வேண்டும். வெள்ளவத்தையில் ஏற்றத்துக்கு எங்கே போவது? முன்பக்கத்தை ஜக்கால் தூக்கினோம். சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேற்றர் மூடியில் கைவைக்காதீர்கள். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடும், மூடியின் அமுக்கந்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது.

சென்ற கிழமை பட்டிப்பொல இறக்கத்திலிருந்து தொலைபேசி எடுத்தார். சூட்டுமானி முள் நடுவில் நிற்கிறதாம், பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டார்களாம். இடப்பக்கக் கதவிடுக்கால் மட்டும் இன்னும் குளிர்காற்று அடிக்கிறதாம். அதற்கு றப்பர் பட்டி தேடி சனிக்கிழமை மறுபடி பஞ்சிகாவத்தைக்குப் போகிறோம்.