ஸ்டீரியோடைப்: தமிழில் என்ன சொல்வது?

உளவுத் தொடரில் ரஷ்ய வாடையோடு ஆங்கிலம் பேசும் ஆள் வந்தால் வில்லன். மதுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் அழகி வந்தால், நாயகனை மயக்கி ரகசியம் கறக்கத்தான். ஒரு நாட்டினரையோ பாலினத்தாரையோ இப்படி ஒரே அச்சில் வார்ப்பதைத்தான் ஸ்டீரியோடைப் என்கிறோம்.

சொல் பிறந்தது அச்சகத்தில். கிரேக்கத்தில் 'ஸ்டீரியோஸ்' என்றால் திடமானது, 'டைப்போஸ்' என்றால் பதிவு. கோத்த ஈய எழுத்துகளைக் கலைத்துவிட்டால் மறுபதிப்புக்குத் திரும்பவும் கோக்க வேண்டும். அதனால் முழுப் பக்கத்தையும் ஒரே உலோகத் தகடாக வார்த்து வைத்துக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அச்சாளர் ஃபிர்மின் திதோ அந்த முறைக்கு இட்ட பெயர் இது. ஆயிரம் படி அடித்தாலும் ஓர் எழுத்து மாறாது. பிழை இருந்தால் அதுவும்தான்! (தேய்ந்துபோன சொற்றொடரைக் குறிக்கும் 'கிளிஷே'வும் இதே தகட்டின் இன்னொரு பெயர்.) 1922இல் அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் இந்தச் சொல்லை மனித மனத்துக்குக் கொண்டுவந்தார்: நாம் பார்த்துவிட்டு முடிவு செய்வதில்லை, முடிவு செய்துவிட்டுத்தான் பார்க்கிறோம் என்றார்.

'ஹோம்லேண்ட்' என்ற அமெரிக்க உளவுத் தொடருக்காக பெர்லின் பக்கம் சிரிய அகதி முகாம் செட் போட்டபோது, சுவரில் அரபியில் கிறுக்க ஓவியர்களை அழைத்தார்கள். அவர்கள் 'ஹோம்லேண்ட் இனவெறி பிடித்தது' என்று எழுதிவிட்டுப் போனார்கள். 2015 அக்டோபரில் அது அப்படியே ஒளிபரப்பானது. அங்கே அரபு எழுத்து வாசிக்க அல்ல, மிரட்ட.

பெண் உளவாளி? பிரிட்டனின் அணு ரகசியங்களைச் சோவியத்துக்குக் கொடுத்த மெலிட்டா நார்வுட், ஓர் ஆய்வு நிறுவனத்தில் செயலராக இருந்தவர். 1999இல் விஷயம் வெளியானபோது அவருக்கு 87 வயது. எந்தத் தொடர் அப்படியொரு பாட்டியை நாயகனின் மேசைக்கு அனுப்பும்?

சரி, தமிழில்? 'முன்முடிவு' என்பது பொருந்தாது. அது பார்ப்பவர் மனத்தில் இருப்பது, திரையில் வரும் உருவம் அல்ல. 'முத்திரை குத்துதல்' நல்ல வழக்குதான், ஆனால் அது செயலைச் சொல்கிறது. 'வார்ப்புரு' அச்சக வாசனையோடு அப்படியே பொருந்துகிறது. கணினிக்காரர்கள் டெம்ப்ளேட்டுக்கு அதை எடுத்துக்கொண்டது மட்டும்தான் சிக்கல். அதனால் நான் 'வார்ப்புப் பிம்பம்' என்று எழுதுகிறேன்: 'இந்தத் தொடரில் ரஷ்யர்கள் எல்லாம் வார்ப்புப் பிம்பங்கள்.'