தரையில் இருக்கும் ஓட்டையை அடைக்காதீர்கள்

பழைய கரவனைப் புதுப்பிக்கிறேன் என்று அதன் தரையில் இருக்கும் காற்று ஓட்டையை அடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டவர்களில், இந்த வருடத்தில் இது நாலாவது ஆள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. இனி எழுதி வைத்துவிட்டு, கேட்பவர்களுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் இங்கிலாந்தில் காஸ் வேலை செய்பவன். சோறு போடுவது வீட்டு பொய்லர்கள்தான், ஆனால் கரவன் வேலையும் எடுப்பேன். கரவன் என்றதும் சினிமா நட்சத்திரங்கள் உடை மாற்றும் வண்டியை நினைக்காதீர்கள். இது காரின் பின்னால் கொழுவி இழுத்துப்போய், கடற்கரையோரம் நிறுத்தி நாலு நாள் தங்கும் சக்கர வீடு. 1950கள், 60களில் செய்த இப்படியான கரவன்களை மலிவாக வாங்கி, வீட்டு வாசலில் நிறுத்தி, சனி ஞாயிறுகளில் தாங்களே புதுப்பிக்கும் ஆட்கள் இங்கே நிறையப் பேர். நல்ல பொழுதுபோக்கு. நான் அதற்கு எதிரி இல்லை.

போன மாதம் கெண்ட் பக்கத்தில் இருந்து நம்மவர் ஒருவர், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், கூப்பிட்டார். அவரிடம் இருந்தது ஒரு 60களின் ஸ்பிரைட். சாதாரணக் குடும்பமும் கரவன் வாங்கலாம் என்று ஆக்கியவர்களில் முக்கியமானவர் சாம் ஆல்பர். அவர் ஆரம்பித்ததுதான் ஸ்பிரைட். "அண்ணை, எல்லாம் முடிஞ்சுது. காஸை மட்டும் பூட்டி, ஒரு பேப்பரும் தந்தியள் எண்டாச் சரி" என்றார். பேப்பர் என்றது காஸ் பாதுகாப்பாக இருக்கிறது என்ற சான்றை.

உள்ளே போனேன். பொய் சொல்லக்கூடாது, வேலை அவ்வளவு அழகு. உக்கிப்போன மரச்சட்டங்களை எல்லாம் மாற்றி, அலமாரிக் கதவுகளுக்கு வார்னிஷ் அடித்து, சுவரில் இருந்த பழைய காஸ் விளக்கைக்கூட மினுக்கி வைத்திருந்தார். நம் ஊர்க் கலியாண வீட்டுப் பெட்ரோமாக்ஸ் மாதிரி அதற்கும் மாண்டில் கட்டவேண்டும். பிறகு கீழே பார்த்தேன். சுவரில் இருந்து சுவர்வரை ஒரே துண்டாகப் புது வினைல் விரிப்பு.

"தரையில ஓட்டை இருந்திருக்குமே தம்பி, எங்க?"

"அதுவோ? குளிர்காத்து அடிச்சுது அண்ணை. ஃபோம் அடிச்சு மூடிட்டன்." முகத்தில் ஒரு பெருமை. கூரையில் இருந்த காற்றுத் துவாரத்தையும் மழை ஒழுகுகிறது என்று அடைத்திருந்தார்.

இவர்கள் முட்டாள்கள் இல்லை. பழைய கரவனைத் திருத்துவது என்றாலே ஓட்டைகளோடு போடும் சண்டைதான். அலுமினியத் தகடுகள் சேரும் இடத்தில் பூசிய மாஸ்டிக் என்ற அடைப்புப் பசை காய்ந்து வெடிக்கும், தண்ணீர் உள்ளே இறங்கும், சட்டம் உக்கும். இரண்டு வருடம் ஒவ்வொரு ஓட்டையாகத் தேடி அடைத்த கைக்கு, தரையில் ஒரு ஓட்டையைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. ஆனால் அந்த ஓட்டை பழுதாகி வந்தது இல்லை. செய்தவர்கள் வேண்டுமென்றே வெட்டி வைத்தது. அதன் அளவு தரையின் பரப்பைப் பொறுத்தது. அதற்கென்றே ஈஎன் 721 என்று ஒரு ஐரோப்பியத் தரநிலை இருக்கிறது.

அதற்கு வேலை இரண்டு. ஒன்று, சிலிண்டரில் வரும் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தண்ணீர்போலத் தரையில் தேங்கும், ஓட்டை இருந்தால் கீழே இறங்கிப் போய்விடும். இரண்டாவது, உள்ளே எரியும் அடுப்புக்கும் விளக்குக்கும், அப்புறம் உங்களுக்கும் காற்று வேண்டும். கீழே ஒன்று, மேலே ஒன்று. இதற்கு மேல் விளக்கவேண்டுமா?

விளக்கவேண்டியது வேறு. நாலு பேரும் என்னிடம் ஒரே வசனம்தான் சொன்னார்கள்: "லீக் ஆனா மணக்கும்தானே." ஐயா, மணப்பது எரியாத காஸ். அதற்கும் சொந்தமாக மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று கம்பனிக்காரர்கள் கலந்து அனுப்புவது அது. ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு, காஸ் எரியும்போது காற்றுப் போதாமல் உண்டாவது. அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது, இருமலும் வராது. காஸில் கலந்த மணமும் எரியும்போதே எரிந்துவிடும். ஆகவே குழாயில் துளிக் கசிவு இல்லாத, சோப்பு நுரை பூசி நானே பார்த்துச் சரி என்று சொன்ன கரவனிலும் நீங்கள் சாகலாம். கசிவு வேறு, இது வேறு. மூக்கை நம்பாதீர்கள். தலையிடிக்கும், வயிற்றைப் பிரட்டும், காய்ச்சல் இல்லாத தடிமன் மாதிரி இருக்கும். கொஞ்சம் படுத்தால் சரியாகும் என்று படுப்பீர்கள். வெளியே போனால் சுகமாகவும் உள்ளே வந்தால் திரும்பவும் தலையிடியாகவும் இருந்தால், அடுப்பை நிறுத்தி எல்லாரையும் வெளியே எடுத்துவிட்டு அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

கெண்ட் தம்பி விடவில்லை. ஃபோனை எடுத்து ஒரு செய்தியைக் காட்டினார். 2024 டிசம்பரில் கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டத்து வடகரையில், வீதியோரம் நிறுத்தியிருந்த கரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியது என்று கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். "பாருங்கோ, ஓட்டையாலதானே செத்தவங்கள்?"

கேள்வி நியாயமானது. அங்கே நஞ்சு உண்டான இடம் வண்டிக்கு வெளியே. ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டர் ஓட்டைக்குக் கிட்ட இருந்தால் ஓட்டை எமன்தான். அதற்கு வழி, ஜெனரேட்டரைத் தூர வைப்பது. உங்கள் கரவனில் நெருப்பு எரிவது உள்ளே. அதற்கு ஓட்டை வேண்டும். இரண்டையும் ஒரே கதையாக்கி ஃபோம் குழாயைக் கையில் எடுக்காதீர்கள்.

இன்னொருவர் அலமாரிக்குள் ஒட்டியிருந்த கோர்கி என்ற காஸ் வேலைக்காரர் பதிவேட்டின் பழைய ஸ்டிக்கரைக் காட்டி, "ஏற்கனவே செக் பண்ணியிருக்கு" என்றார். பிரிட்டனில் அந்தப் பதிவேட்டின் இடத்துக்கு 2009 ஏப்ரலில் காஸ் சேஃப் வந்தாயிற்று. ஸ்டிக்கரின் வயதைக்கூடப் பார்க்கவில்லை மனிதர். இழுவைக் கரவனுக்கு இங்கே எம்ஓடி என்ற, கார்களுக்கு வருடாவருடம் செய்யும் சோதனையும் கிடையாது, ஆகவே உங்களைத் தவிர வேறு யாரும் பார்க்கப்போவதில்லை. வாடகைக்கு விடுவது என்றால் கதை வேறு. வருடம் ஒருமுறை பதிவுள்ளவர் சோதிக்கவேண்டும், சட்டம்.

சரி, மற்றவை. குளிர் பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் நீலச் சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன் ஆவியாகாது, அடுப்பு மங்கும். உடனே சிலிண்டரைத் தூக்கிவந்து கட்டிலுக்குக் கீழே வைக்கிறார்கள், பிள்ளைகள் படுக்கும் கட்டிலுக்கு! சிவப்புச் சிலிண்டர் வாங்குங்கள். அது புரொப்பேன், மைனஸ் நாற்பதிலும் ஆவியாகும். அதற்குரிய ரெகுலேட்டரையும் மாற்றி, சிலிண்டரை வெளிப்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். காஸ் வரும் ரப்பர் குழாயில் அதைச் செய்த வருடம் அச்சடித்திருக்கும். அதை வாசியுங்கள். டயரிலும் அப்படித்தான்: 1519 என்றால் 2019இன் பதினைந்தாவது வாரம். பூ தேயவில்லை என்பதற்காகப் பத்து வருட டயரில் நெடுஞ்சாலைக்கு ஏறாதீர்கள். அடுப்புக்கோ ஹீட்டருக்கோ பின்னால் சாம்பல் நிறப் பலகை இருந்தால் அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். பிரிட்டனில் அதை முழுதாகத் தடைசெய்ததே 1999இல்தான். உரசவேண்டாம், துளைக்கவேண்டாம், முதலில் சோதிக்கக் கொடுங்கள். தகடு மூட்டுகளுக்குச் சிலிக்கோன் பூசாதீர்கள், இறுகாத மாஸ்டிக்தான். இது என் தொழில் இல்லை. ஆனால் சிலிக்கோன் உரிந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாமல் அழுதவர்களைக் கண்டிருக்கிறேன்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று பூட்டுங்கள். பெட்டியில் ஈஎன் 50291-2 என்று இருக்கவேண்டும், அந்த 2தான் கரவனுக்கானது. அதற்கும் காலாவதித் தேதி உண்டு. அலாரம் இருக்கிறதே என்று ஓட்டையை மூடவும் கூடாது.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். மழை வந்தால் பார்பிக்யூ அடுப்பை ஓனிங்குக்குள், அதுதான் கரவனோடு சேர்த்துக் கட்டும் கூடாரத்துக்குள், இழுக்காதீர்கள். கோழி வெந்து முடிந்தது, நெருப்பும் அணைந்தது, சூட்டுக்கு இருக்கட்டும் என்று கரியோடு உள்ளே வைத்துவிட்டுப் படுக்காதீர்கள். அணைந்ததுபோல் தெரியும் கரி மணிக்கணக்கில் நஞ்சு கக்கும். நனையட்டும், வெளியே விடுங்கள்.

அந்தத் தம்பிக்கு நான் பேப்பர் கொடுக்கவில்லை. கோபம்தான். ஆனாலும் அடுத்த கிழமையே வினைலை வெட்டி, ஃபோமைச் சுரண்டி எடுத்து, எலி வராமல் கம்பி வலையும் போட்டுவிட்டுக் கூப்பிட்டார். போனேன். கரவனுக்குள் அவருடைய அம்மா இருந்தார். தேத்தண்ணி தந்தார். காலடியில் தடித்த கம்பளம் ஒன்று விரித்திருந்தது. தூக்கிப் பார்த்தால் கீழே ஓட்டை.

"கால் விறைக்குது தம்பி, அதுதான் போட்டனான்."

"சொக்ஸ் போடுங்கோ அம்மா" என்று சொல்லி, கம்பளத்தைச் சுருட்டி மகனின் கையில் கொடுத்தேன்.