லைசென்ஸ் ரெடியா என்று கேட்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலையாதீர்கள்

எட்டு போட்டாயிற்று. பிரேக் இன்ஸ்பெக்டரும் "பாஸ், போங்க" என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்ன, லைசென்ஸ் வீடு தேடி வரும் என்று காத்திருக்கிறோம். வராதபோதுதான் அலைச்சல் ஆரம்பிக்கிறது. ஆபீஸ் கவுன்ட்டரில் கேட்டால் "போஸ்ட்ல வரும், போங்க." தபால்காரரைக் கேட்டால் "எங்களுக்கு எதுவும் வரலைங்களே." டிரைவிங் ஸ்கூலில் கேட்டால் "வந்ததும் நானே போன் பண்றேன் சார்." மூன்று பேருமே பொய் சொல்லவில்லை, ஆனால் உங்கள் கையில் அட்டை இல்லை.

விதி இதுதான். 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. இரண்டையும் நேரில் தருவதில்லை. ஸ்பீடு போஸ்ட்டில் மட்டுமே அனுப்புகிறார்கள். கவுன்ட்டரில் கைமாறுகிற வேலை இதனால் குறைந்தால் நல்லதுதான். ஆனால் விண்ணப்பத்தில் இருக்கும் முகவரியும் மொபைல் எண்ணும் தப்பாக இருந்தால் முழுக் கஷ்டமும் நம் தலையில்தான் விழுகிறது.

முதலில் நிலவரம் பார்ப்பது. மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனில், லைசென்ஸ் வேலைகளுக்கான சாரதி பகுதிக்குப் போய், மாநிலம் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்தால் 'அப்ளிகேஷன் ஸ்டேட்டஸ்' என்று இருக்கும். விண்ணப்ப எண், பிறந்த தேதி, அங்கே தெரியும் கோணல் எழுத்து, அவ்வளவுதான். பாதிப் பேர் இங்கேயே தடுக்கி விழுகிறார்கள். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எண்ணைப் போட்டுவிட்டு 'அப்படி ஒன்றும் இல்லை' என்று வந்ததும் பதறுகிறார்கள். எல்.எல்.ஆர். எண் வேறு, எல்.எல்.ஆருக்கு விண்ணப்பித்த எண் வேறு, லைசென்ஸுக்கு விண்ணப்பித்த எண் வேறு. உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. லைசென்ஸுக்குப் பணம் கட்டிய ரசீதில் அது இருக்கும். ரசீது டிரைவிங் ஸ்கூலில் இருந்தால் இன்றைக்கே கேட்டு வாங்கி போட்டோ எடுத்து வையுங்கள். அது உங்கள் ரசீது. தர மறுக்க அவர்களுக்கு உரிமை கிடையாது.

திரையில் வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று வரிசையாகக் காட்டும். தேர்வு முடிந்தது, ஒப்புதல் ஆனது, அட்டை அச்சாகிறது, அனுப்பியாயிற்று. ஒப்புதலிலேயே நின்றால் சிக்கல் ஆபீஸில். அங்கே போய்க் கேட்கலாம். 'அனுப்பியாயிற்று' என்று இருந்தால் ஆபீஸில் நின்று பயனில்லை, தபாலைத்தான் பார்க்க வேண்டும். ஸ்பீடு போஸ்ட் எண் இ-யில் தொடங்கி ஐ.என். என்று முடியும். இந்திய அஞ்சல் தளத்தில் அதைப் போட்டால் அட்டை எந்த ஊரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அந்த எண் எந்த மொபைலுக்கு வரும்? இங்கேதான் பெரிய கோளாறு. டிரைவிங் ஸ்கூல் வழியாக விண்ணப்பித்தவர்களில் பலருக்குப் பதிவாகியிருப்பது ஸ்கூல்காரரின் எண். ஓ.டி.பி. கேட்டு உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று அவர் வசதிக்குப் போட்டுக்கொள்கிறார். எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு அப்படித்தான் ஆனது. பகலில் வீடு பூட்டியிருக்கும், தபால்காரர் உறையில் இருந்த எண்ணுக்கு அடித்தார், ஸ்கூலில் எடுக்கவில்லை, அட்டை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அவருக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. சாரதி தளத்திலேயே மொபைல் எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது. அட்டை கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள். விண்ணப்பத்தில் ஊர் வீட்டு முகவரி கொடுத்துவிட்டு சென்னையில் மேன்ஷனில் இருப்பவர்கள், ஊரில் வாங்கி வைக்க ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

திரும்பிப் போன அட்டை அதே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத்தான் வரும். நேரில் போனால் தருவார்களா? மாட்டார்கள். மூன்றடி தள்ளி பீரோவுக்குள் இருக்கும், ஆனால் கையில் தர விதி இல்லை. தளத்தில் சரியான முகவரியையும் மொபைல் எண்ணையும் பதிந்து, சுயவிலாசமிட்டு ஸ்டாம்ப் ஒட்டிய உறையை ஆபீஸில் கொடுத்தால் மறுபடி தபாலிலேயே அனுப்புவார்கள். உறை இல்லாமல் போய் ஒரு நாளை வீணாக்காதீர்கள். "நான் எடுத்துத் தரேன், இருநூறு கொடுங்க" என்று வாசலில் நிற்பவரிடமும் ஏமாறாதீர்கள். ஆபீஸில் பதிலே இல்லை என்றால் முதல்வர் உதவி மையம் 1100-க்கு அடித்து, விண்ணப்ப எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள்.

இதற்கிடையில் வண்டி ஓட்டலாமா? ஒப்புதல் ஆகி லைசென்ஸ் எண் வந்துவிட்டால் ஓட்டலாம், அட்டைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசு ஆப்களில் காட்டும் லைசென்ஸ் அட்டைக்குச் சமம் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2018-லேயே சொல்லிவிட்டது. ஆனால் வாட்ஸ்அப்பில் இருக்கும் போட்டோ, ஜெராக்ஸ் இதெல்லாம் செல்லாது. லைசென்ஸே இல்லாமல் ஓட்டினால் சட்டப்படி 5,000 ரூபாய் அபராதம். வண்டியைக் கொடுத்தவருக்கும் தனியாக உண்டு.

டிஜிலாக்கரில் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. ஆதாரில் இனிஷியல் பின்னால், லைசென்ஸில் அப்பா பெயர் முழுசாக முன்னால் என்று இருந்தால் பெயர் பொருந்தவில்லை என்று லைசென்ஸைத் தர மறுக்கும். அப்போது எம்பரிவாகனில் முயன்று பாருங்கள். ஆனால் இந்த ஆப்களை பிளே ஸ்டோரில் இருந்து மட்டும் இறக்குங்கள். 'ஆர்.டி.ஓ. சலான்' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபைலைத் தொட்டால் வங்கிக் கணக்கு காலியாகும் ஆபத்து உண்டு.

லைசென்ஸ் மொபைலில் தெரிந்ததும் வண்டி வகையைப் பாருங்கள். ஸ்கூட்டியில் எட்டு போட்டவருக்கு எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி. என்றுதான் வரும், அதாவது கியர் இல்லாத வண்டி மட்டும். அதை வைத்துக்கொண்டு தம்பியின் பல்சரை எடுக்கக் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பிடிப்பது இதைத்தான். கியர் பைக்குக்கு எம்.சி.டபிள்யூ.ஜி., காருக்கு எல்.எம்.வி. என்று இருக்க வேண்டும். நீங்கள் தேர்வு கொடுத்த வகை விடுபட்டிருந்தால் விண்ணப்ப ரசீதோடு உடனே ஆபீஸில் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்திலேயே அந்த வகையைப் போடாமல் விட்டிருந்தால் வேறு வழியில்லை, புது எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து மறுபடி தேர்வுக்குப் போக வேண்டும்.