அழற்சிக் குறிப்பான்: வீக்கம்னு சொன்னா சரியா வராது

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பக்கம் ஒரு டீக்கடையில நின்னா நுரையீரல் கேன்சர்காரங்க வீட்டு ஆளுக பேசுத இந்த பேச்சு காதுல விழும், "அப்பாவுக்கு இன்ஃப்ளமேட்டரி மார்க்கர் கூடிருக்குன்னு டாக்டர் சொல்லுதாவ, அப்பம் நுரையீரல் கட்டி வீங்கிட்டோ?"ன்னு. அப்பிடி இல்ல, வீக்கம் வேற, இது வேற.

இன்ஃப்ளமேஷன்ங்கது லத்தீன் சொல்லு, தீ மூட்டுறதுங்க பொருள்ல வந்தது. தமிழ்ல அழற்சி. அழல்னா நெருப்புதான். முதல் நூற்றாண்டுலயே செல்சஸ்ங்க ரோமானியர் சிவப்பு, வீக்கம், சூடு, வலின்னு இதுக்கு நாலு அடையாளம் எழுதி வச்சிட்டாரு. அதுல ஒண்ண மட்டும் எடுத்து முழுசுக்கும் பேரா வச்சா எப்பிடி சரியா வரும், ரத்தத்துல அழற்சி ஏறிருக்கவங்களுக்கு வெளிய ஒரு வீக்கமும் தெரியாமலே இருக்கலாம். மார்க்கர்னா அழற்சி இருக்கத ரத்தத்துல காட்டிக் குடுக்குத அடையாளம், தமிழ்ல குறிப்பான். சுட்டின்னும் எழுதுதாவ, ஆனா அது கம்ப்யூட்டர் மவுஸுக்கு போயிட்டு, குறிப்பானே இருக்கட்டும்.

நுரையீரல் கேன்சர்ல இது எதுக்கு? கட்டி இருந்தா உடம்பு ஐஎல்-6 மாதிரி அழற்சிய தூண்டுத சில பொருள சுரக்கும், அதுக்கு கல்லீரல் சிஆர்பிங்க புரதத்த கூட்டும், ஆல்புமின்ங்க இன்னொரு புரதம் இறங்கும், நியூட்ரோபில்ங்க வெள்ளணு ஏறும், கேன்சரோட மல்லுக்கட்டுத லிம்போசைட்ங்க வெள்ளணு குறையும். லேப் சீட்டுல வெள்ளணு வகை ஒவ்வொண்ணும் எத்தன சதவீதம்னு காட்டுத டிசின்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, பி80 எல்16 இ4ன்னு, பி நியூட்ரோபில், எல் லிம்போசைட், அதுல 80ஐ 16ஆல வகுத்தா 5. இதுதான் என்எல்ஆர், தமிழ்ல நியூட்ரோபில்-லிம்போசைட் விகிதம். இது கூடுதலா இருக்க நோயாளிகள்ல ஆயுசு குறைவா இருக்குன்னு நிறைய ஆய்வுல பாத்திருக்காங்க, ஆனா எதுக்கு மேல போனா கூடுதல்ங்கது ஒரே எண் கிடையாது, ஒருத்தர் 3ம்பாரு, இன்னொருத்தர் 5ம்பாரு.

கிளாஸ்கோ ஸ்கோர்னு ஒண்ணும் உண்டு, 2003ல ஆபரேஷன் பண்ண முடியாத நுரையீரல் கேன்சர்காரங்கள வச்சி சொன்னது. சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல, ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்கு கீழ, ரெண்டும் இருந்தா 2, ஒண்ணு மட்டும்னா 1, ரெண்டும் இல்லன்னா 0, எண்ணு கூடினா மோசம். சும்மா ரெண்டே ரத்தப் பரிசோதனை, ஏழை வீட்டுக்கும் கைக்கெட்டுற செலவு, அதனாலயே எனக்கு இது மேல ஒரு மரியாத.

இதெல்லாம் வச்சி நோய் எப்பிடி போகும்னு முன்கூட்டி சொல்லுததுக்குப் பேரு முன்கணிப்பு. ஆயிரம் பேர ஒண்ணா பாத்து சொன்னது அது, உங்க அப்பாவுக்கு நாள் குறிச்ச கணக்கு இல்ல. ஸ்டேஜ், கட்டியோட வகை, ஆளோட தெம்பு எல்லாத்தோடயும் சேத்துதான் டாக்டரு படிப்பாவ. அதோட சிஆர்பிக்கு கேன்சர் மட்டும்தான்னு கிடையாது, 1930ல அத முதல்ல கண்டதே நிமோனியா நோயாளிக ரத்தத்துலதான், நெஞ்சுச்சளி, காசநோய் எது இருந்தாலும் ஏறும், கீமோவோட போடுற ஸ்டீராய்டு நியூட்ரோபில தூக்கி விட்டுரும். அதனால ஒரு சீட்ட பாத்துட்டு வீட்ல அழ ஆரம்பிச்சிராதிய, ரத்தம் எடுத்த அன்னைக்கு காய்ச்சல் இருந்துச்சா, என்ன ஊசி போட்டிருந்தாவன்னு டாக்டர்ட்ட மொதல்ல சொல்லிருங்க.