ஒரே அலை இரண்டாம் முறை அடிக்கும்போது

பாம்பன் கரையில் விடியற்காலையில் நடக்கும் ஓர் அறிவியல் புனைவு வானொலி நாடகத்தை எண்ணிக்கொள்வோம். விசைப்படகு ஒன்று கரை சேர்கிறது. ஐஸ் கட்டி உடைபடுகிறது. ஏலக்காரர் விலை கூறுகிறார். தொலைவில் ஒரு காகம் இரண்டு முறை கரைகிறது. பிறகு அதே விடியல் முதலிலிருந்து தொடங்குகிறது, அது நாயகன் ஒருவனுக்கு மட்டுமே தெரிகிறது. திரைப்படமானால் கடிகாரத்தைக் காட்டிவிடலாம். காட்டுவதற்கு எதுவுமில்லாத ஒலி நாடகத்தில், காலம் திரும்பிவிட்டதைக் காது எப்படிக் கண்டுகொள்கிறது?

வழக்கமான நாடகங்களில் கடலோசை ஓர் ஏமாற்று வேலை. அரை நிமிடப் பதிவின் வாலைத் தலையோடு மெல்லக் கலந்து ஒட்டி, காட்சி முடியும்வரை சுற்றவிடுவார்கள். அலைகள் சீரற்ற இடைவெளிகளில் உடைகின்றன. கேட்ட ஒலியை உள்ளபடியே தாங்கும் செவி நினைவு சில வினாடிகளில் கரைந்துவிடுகிறது. ஆகவே அரை நிமிடம் கழித்து அதே அலை வந்தாலும் நமக்குப் புதிய அலையாகவே படுகிறது. காட்டிக்கொடுப்பது காகம்தான். திடீரெனத் தொடங்கித் தனித்து ஒலிக்கும் எதுவும் மனத்தில் தங்கிவிடும் என்பதால், ஒலிப்பதிவாளர் அதை முதலில் வெட்டி எறிவார். காலச்சுழல் நாடகத்திலோ அதே காகத்தைப் பொத்திக் காக்க வேண்டும். மறைத்துப் பழகிய கைக்கு இது எளிதன்று.

சுழற்சி குறுகக் குறுக அடையாள ஒலியும் தேவைப்படாது. 1963இல் செவிப்புலன் ஆய்வாளர்கள் கட்மனும் யூலெஸும் பொருளற்ற இரைச்சலின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டனர். வினாடிக்கு 1 முதல் 4 முறை சுழன்றபோது அது வீசி வீசிக் கேட்டது. 4 முதல் 20 முறை சுழன்றபோது மோட்டார் படகு ஓடுவதைப் போலத் துடித்தது. பாம்பன்காரர்களுக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. நாடகத்தின் இறுதியில் சுழல் இறுகுவதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான உத்தி எனக்குத் தோன்றவில்லை.

எந்தக் கடலைப் பதிவு செய்வது என்பதும் முக்கியம். இங்கே பாக் ஜலசந்தியைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஆண் கடலின் இரைச்சல் பல அதிர்வெண்களில் பரவி மெல்லிய ஒலிகளை மூழ்கடித்துவிடும். காகம் கேட்க வேண்டுமானால் அமைதியான பெண் கடலே நல்லது.

குரலில் இன்னொரு நுட்பம் உண்டு. ஏலக்காரரின் சொற்களை நடிகர் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகப் பேசினால், மூச்சும் இழுப்பும் சற்றே மாறி, அது இன்னொரு நாளாகிவிடும். அதே பதிவைத்தான் மீண்டும் ஒலிக்கவிட வேண்டும். நாயகன் மட்டும் சுற்றுக்குச் சுற்று புதிதாகப் பேச வேண்டும். ஆனால் ஒரே பதிவு இடைவிடாமல் திரும்பினால் பேச்சு பாட்டாகக் கேட்கத் தொடங்கும். உளவியலாளர் டயானா டாய்ச் தம் குரல் பதிவின் ஒரு தொடர் சுழன்றுகொண்டிருக்கையில் 1995இல் தற்செயலாகக் கண்டது இது. ஏலம் கூறுவதோ ஏற்கெனவே பாதி ராகம். அது சீக்கிரமே பாட்டாகிவிடும்.

இயற்பியலிலும் காலச்சுழல் உண்டு. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு 1949இல் தருக்கவியல் அறிஞர் கர்ட் கோடல் கண்ட ஒரு தீர்வில், முன்னோக்கியே செல்லும் பாதை தன் கடந்த காலத்தைத் தொடுகிறது. ஆயினும் முரண்பாடின்றி மூடிய பாதையில் எல்லாம் ஒரே முறைதான் நிகழும். சென்ற சுற்றை நினைத்துப் பேச நாயகனுக்கு அங்கே இடமில்லை. நாடகத்தின் சுழல் கீறல் விழுந்த ரெக்கார்டுக்கே நெருங்கிய உறவு. பிரெஞ்சு ஒலிப் பொறியாளர் பியர் ஷேஃபர் 1948இல் இசைத்தட்டின் வரிப்பள்ளத்தை வட்டமாக மூடி, ஒரே ஒலியைச் சுழலவைத்தார்.

இரண்டு சுற்றுகளில் காகம் அதே இடத்தில் கரைந்துவிட்டால், மூன்றாவதில் அதை எடுத்துவிடலாம். ஐஸ் உடைபடும், விலை ஏறும், அந்த இரண்டு கரைதல்களுக்குரிய இடத்தில் பெண் கடல் மட்டும் கேட்கும். நாயகன் வாய் திறப்பதற்கு முன்பே, ஏதோ மாறிவிட்டதென்று கேட்பவர் தலைநிமிர்வார்.